கல் சொல்லும் காலம்

திருவொற்றியூர்க் கரையில் வாழும் எங்களுக்குக் கருங்கல் என்றால் கடலைத் தடுக்கும் சுவர். தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததால், வடக்கே கரை கரைந்தது. என் பாட்டி வலை உலர்த்திய மணல் இன்று அலைக்கு அடியில் இருக்கிறது. எஞ்சியதைக் காப்பவை கொட்டப்பட்ட பாறைகளே. ஒரு மாலை அவற்றில் ஒன்றில் நெளிந்தோடும் வரிகளைக் கண்டேன்.

"கல் எப்படி ஐயா நெளியும்?" என்று எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். உடன் வந்து பார்த்தவர், "இது சார்னோக்கைட். பல்லாவரக் குன்றுகளில் உள்ள அதே வகை" என்றார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகையைச் சேர்ந்தது. அதனால் தாமஸ் ஹாலந்து 1893-இல் இப்பெயரைச் சூட்டினார்.

பூமியின் நிலப்பாளங்கள் மோதும்போது, பாறைகள் ஆழத்தில் அமிழ்ந்து, வெந்து, நசுங்கி வரியோடுகின்றன. அம்மோதல் எப்போது நடந்தது? விடை சிர்க்கான் என்னும் சிறு படிகத்தில் இருக்கிறது. அனற்குழம்பு உறையும்போது சிர்க்கான் யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கும். யுரேனியம்-238-இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே, இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரியும்.

ஆனால் ஒரு படிகத்திற்கு ஒரே வயது என்று எண்ணிவிடக் கூடாது. கருப்பகுதி, குழம்பு உறைந்த காலத்தைச் சொல்லும். பின்னர் வெந்தபோது மேலே படிந்த விளிம்பு, அந்த வெப்பத்தின் காலத்தைச் சொல்லும். மற்றொரு சான்றும் உண்டு. நசுங்கிய அனற்பாறை மோதலுக்கு முந்தியது. அதன் வரிகளை வெட்டிக்கொண்டு நசுங்காமல் ஓடும் நரம்புப்பாறை பிந்தியது. இரண்டின் வயதையும் அறிந்தால், மோதல் அவற்றிற்கு இடையே அகப்பட்டுக்கொள்ளும்.

இம்முறையில், சென்னைப் பகுதிச் சார்னோக்கைட் வெந்து உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று அறிந்துள்ளனர். பாலக்காடு–காவிரிப் பட்டைக்குத் தெற்கே, மதுரைப் பக்கத்துப் பாறைகளிலோ சுமார் 55 கோடி ஆண்டு வயதுள்ள விளிம்புகளும் கிடைக்கின்றன. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்த காலம் அது. ஒரே தமிழகத்தில் இரு வேறு காலங்களின் வடுக்கள்!

நிலங்கள் மோதியதைத் தாங்கிய கல், இன்று எங்கள் வாசலில் அலை மோதுவதைத் தாங்குகிறது. ஆனால் அடியிலுள்ள மணலை அலை அரிக்க, அதுவும் மெல்லப் புதைகிறது. கல்லின் காலத்தைக் கணக்கிட்டுவிட்டோம், நண்பர்களே. எங்கள் கரையின் காலத்தை யார் கணக்கிடுவார்?