ஸ்லீப்பிங் பேக்கா, குயில்ட்டா? ஒரு இரவுக்கு எவ்வளவு ஆகுதுன்னு முதல்ல கணக்கு போடுங்க

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சுன்னா, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ட்ரெக்கிங் பேச்சு வந்துடும். ஷூ வாங்கியாச்சு, முதுகுப் பை வாங்கியாச்சு. கடைசியா வந்து நிக்கிறது ஸ்லீப்பிங் பேக். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்குது, இருபதாயிரத்துக்கும் கிடைக்குது. எதை வாங்குறது?

விலையைக் கடைசியா பாருங்க. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி: எவ்வளவு குளிர்ல படுக்கப் போறீங்க? எப்படிப் புரண்டு படுப்பீங்க? வருஷத்துக்கு எத்தனை இரவு?

1. குளிர்: மைனஸ் டிகிரி நமக்குத் தேவையா?

மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில சுமார் 20 டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினா தோராயமா 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அப்போ 13 டிகிரி கழிச்சா 7 டிகிரி. மேகமில்லாத பனி இரவுல இன்னும் இறங்கும். கொழுக்குமலைக்கும் இதே கணக்குதான். ஆக, நம்ம பக்கத்து மலைகளுக்கு 0 முதல் 5 டிகிரி ‘கம்ஃபர்ட்’ உள்ள பை போதும்.

லேபிள்ல மூணு எண் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி, ‘கம்ஃபர்ட்’னா ஒரு சராசரிப் பெண் இயல்பா படுத்துத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’னா ஒரு சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கிட்டு சமாளிக்கக்கூடிய குளிர். ‘எக்ஸ்ட்ரீம்’ங்கிறது உயிர் தப்பிக்கிற அளவு மட்டும்தான், தூக்கத்துக்கானது இல்லை. சில பைகள்ல இந்தக் கடைசி எண்தான் பெருசா இருக்கும். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணுங்க. தரத்தோட பேரே இல்லாம வெறும் டிகிரி மட்டும் போட்டிருந்தா, அதை நம்பி மலை ஏறாதீங்க.

2. இடம்: தாராளமா வேணுமா, இறுக்கமா வேணுமா?

‘மம்மி’ வடிவப் பை தோள்ல அகலமா, கால்ல குறுகலா இருக்கும். எடை குறைவு, சூடு நிக்கும். ஆனா ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுக்கிறவங்களுக்கு அதுல தூக்கமே வராது. ரொம்ப இறுகினா உள்ளே இருக்கிற பஞ்சு அமுங்கி, அந்த இடத்துல குளிர் ஏறும். அதுக்காக ரொம்பப் பெருசும் வேண்டாம். உள்ளே இருக்கிற காத்து முழுக்க உங்க உடம்புதான் சூடாக்கணும்.

அளக்கறது சுலபம். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, கையைப் பக்கவாட்டுல வச்சு, தோளைச் சுத்தி டேப்பால அளங்க. அதோட ஒரு ஜாண் கூட்டுங்க. பையோட தோள் சுற்றளவு அதுக்குக் கிட்ட இருக்கணும். கடையில விரிக்கச் சொல்லி, உள்ளே போய் ஜிப் போட்டு, ரெண்டு பக்கமும் புரண்டு பாருங்க. கூச்சப்படாதீங்க, காசு உங்களோடது.

குயில்ட்னா கீழ்ப்பக்கம் இல்லாத பை. நம்ம முதுகுக்குக் கீழே பஞ்சு எப்படியும் நசுங்கி வேலை செய்யாது. அப்புறம் அந்த எடையை எதுக்குச் சுமக்கணும்ங்கிறதுதான் யோசனை. நல்லா புரளலாம், எடையும் குறையும். ஆனா தரைக் குளிரைத் தடுக்க நல்ல மேட் கட்டாயம், தலைக்குக் குல்லாவும் வேணும். அகலம் குறைஞ்சா புரளும்போதெல்லாம் ஓரத்துல குளிர்காத்து நுழையும். அதனால குயில்ட்ல அகலத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

3. இரவுகள்: இங்கதான் பணம் இருக்கு

2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத் தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாம காட்டுக்குள்ள டென்ட் போட முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடியறவை. இமயமலைக்குக் குழுவா போனா, பெரும்பாலும் ஸ்லீப்பிங் பேக் கட்டணத்திலேயே அடங்கிடும். ஆக நீங்க நினைக்கிறதைவிட இரவுகள் கம்மி.

ஒரு உதாரணம். பை விலை ₹8,000. வாடகைக்கு எடுத்தா இரவுக்கு ₹200-ன்னு வச்சுக்குவோம். 8,000 ÷ 200 = 40 இரவு. வருஷத்துக்கு 4 இரவு போறவருக்கு முதல் எடுக்கவே 10 வருஷம்! மூணு வருஷத்துல விட்டுட்டா 12 இரவு, இரவுக்கு சுமார் ₹667. அந்தக் காசுக்கு ரூமே எடுக்கலாம்.

இதே கணக்கை மாத்தவும் வழி இருக்கு. ஜிப்பை முழுசா திறந்தா போர்வையா விரியற, செவ்வக வடிவத் தாராளமான பையை ₹3,000-க்கு வாங்குறீங்கன்னு வைங்க. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் கிளாஸ்ல போர்வை தர மாட்டாங்க, அங்க உதவும். பேச்சுலர் ரூம்ல ஏசி போட்டா உதவும். சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல ஹால்ல படுத்தா உதவும். வருஷத்துக்கு 25 இரவு பயன்பட்டா, மூணு வருஷத்துல இரவுக்கு ₹40தான்.

4. பில் போடுறதுக்கு முன்னாடி

- ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ன்னாலும் பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் வரலாம். கடைசித் தொகையைக் கூட்டிப் பாருங்க.
- வெளிநாட்டிலிருந்து குயில்ட் வரவழைச்சா, பொருள் விலையோட அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் சுங்க வரி போடுவாங்க, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி. சம்பளக்காரர் அதைத் திரும்ப எடுக்க முடியாது.
- வாத்து இறகு (டவுன்) பை எடை குறைவு, ஆனா நனைஞ்சா சூடு போயிடும். மூடுபனி நிறைஞ்ச நம்ம மலைகளுக்கு சிந்தெடிக் போதும், விலையும் கம்மி.
- வீட்டுல சுருட்டியே வைக்காதீங்க. பஞ்சு அமுங்கினா பையோட ஆயுசும் போச்சு. காய வச்சு, பெரிய துணிப்பையில தளர்வா வைங்க.

என் தீர்ப்பு

வருஷத்துக்கு 5 இரவுக்குக் கீழேன்னா வாடகை. கொடைக்கானல், மூணாறு பக்கம் அடிக்கடி போவீங்க, வீட்டுலயும் பயன்படுத்துவீங்கன்னா தாராளமான செவ்வகப் பை. பையைத் தானே சுமந்து பல நாள் நடக்கிறவங்களுக்கு மட்டும் அகலமான குயில்ட்டும் நல்ல மேட்டும். மைனஸ் 10 டிகிரி பை, மதுரை அலமாரியில தூங்கறதுக்கு வேண்டாம்!