தியாகங்களை மட்டுமே கேட்கும் தேர்வு

1998-ஆம் ஆண்டு ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் நடந்த செஸ் போட்டியில், வெசலின் டோபலோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய அலெக்ஸி ஷிரோவ், 47-ஆவது நகர்வில் தன் பிஷப்பை எச்3 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். இருவரிடமும் ராஜா, ஒரு பிஷப், சில சிப்பாய்கள் தவிர வேறெதுவும் மீதியில்லை. ஒருவருடைய பிஷப் வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவருடையது கறுப்புக் கட்டங்களிலும் ஓடுபவை. இப்படிப்பட்ட இறுதியாட்டத்தில் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் ஆட்டம் டிராவில் முடிவது சகஜம். ஷிரோவுக்கு இருந்ததும் அந்த இரண்டு சிப்பாய் லாபம்தான். அந்த நிலையில், எஞ்சியிருந்த ஒரே பெரிய காயை வெள்ளைச் சிப்பாய் சும்மா வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தினார். வெட்டாமல் விட்டால் ஜி2 சிப்பாய் போய்விடும். வெட்டினாலோ வெள்ளைக்கு ஒரு நகர்வு செலவாகிறது. அந்த இடைவெளியில் கறுப்பு ராஜா, பிஷப் காலிசெய்த எஃப்5 கட்டத்தின் வழியாக ஈ4-ஐ எட்டிவிடுகிறது. வெள்ளை ராஜாவால் இனி அதை மறிக்க முடியாது. இரண்டு பக்கங்களில் பிரிந்து ஓடும் சிப்பாய்களை ஒற்றை பிஷப்பால் தடுக்கவும் முடியவில்லை. 53-ஆவது நகர்வோடு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

செஸ் எஞ்சின்களைச் சோதிப்பவர்களுக்கு இந்த நிலை அன்றிலிருந்தே பிடித்தமான தேர்வுக் கேள்வியாகிவிட்டது. அந்தக் கால எஞ்சின்கள் மணிக்கணக்கில் யோசிக்க விட்டாலும் இந்த நகர்வைக் காணாமல் தடுமாறின. இதை வைத்துப் பலர் எடுத்த முடிவு எளிமையானது: கடினமான நிலைகளை அதிகமாகத் தீர்க்கும் எஞ்சினே வலிமையான எஞ்சின். இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். இத்தகைய நிலைகளின் பயன் பெரிது. ஆனால் அவை ஓர் எஞ்சின் எதைப் பார்க்காமல் ஒதுக்குகிறது என்பதைக் காட்டுகின்றன. எது எதைவிட நன்றாக ஆடும் என்பதைச் சொல்வதில்லை.

காரணம் தேடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நடு ஆட்ட நிலையில் சுமார் முப்பது நகர்வுகள் சாத்தியம் என்றால், ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் முப்பது பதில்கள், அவற்றுக்கும் முப்பது என்று கிளைகள் பெருகிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்கு ஆராய எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் எஞ்சின்கள் கிளைகளை வெட்டுகின்றன. என் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறதா, அப்படியானால் இந்தக் கிளையில் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை என்பது ஒரு முறை. நகர்வுகளை நம்பிக்கை தரும் வரிசையில் அடுக்கி, பின்வரிசையில் நிற்பவற்றைக் குறைந்த ஆழத்துக்கு மட்டும் ஆராய்வது இன்னொரு முறை. ஷிரோவின் நகர்வை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அது எதையும் வெட்டவில்லை, செக் வைக்கவில்லை, வெட்டுப்படும் கட்டத்தில் போய் நிற்கிறது. கைக்கு வரும் லாபம் பல நகர்வுகள் தள்ளி இருக்கிறது. இயல்பாகவே அது கடைசி வரிசைக்குப் போகிறது, மேலோட்டமான பார்வையே அதற்குக் கிடைக்கிறது. அந்த ஆழத்தில் தெரிவது ஒரு பிஷப் நஷ்டம் மட்டுமே.

இந்த வெட்டும் முறைகளைத் தளர்த்தினால் எஞ்சின் ஷிரோவின் நகர்வை விரைவில் கண்டுபிடிக்கும். அதற்கான விலையை மற்ற எல்லா நிலைகளிலும் கொடுக்க நேரும். நூற்றில் மிகப் பெரும்பாலான நிலைகளில், பெரிய காயைச் சும்மா கொடுக்கும் நகர்வு வெறும் பிழைதான். அந்தப் பிழைகளையெல்லாம் ஆழமாக ஆராய்ந்துகொண்டிருக்கும் எஞ்சின், சாதாரண நிலைகளில் எதிராளியைவிட இரண்டு மூன்று அடி குறைவாகவே பார்க்கும். முழு ஆட்டத்தில் அது தோற்கவும் செய்யும்.

சோதனைத் தொகுப்புகளின் அடிப்படைக் குறை இங்கேதான் தெரிகிறது. பிரெட் ரெய்ன்ஃபெல்டின் ‘வின் அட் செஸ்’ நூலிலிருந்து எடுத்த 300 நிலைகள் பல பத்தாண்டுகளாக எஞ்சின் எழுதுவோரின் கையில் புழங்கின. அவை மனிதர்களுக்குத் தாக்குதல் உத்தி கற்றுத்தர அச்சிட்டவை. எனவே ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் ஓர் அழகான அடி காத்திருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ‘சரி’ என்பதே விடையாக உள்ள சரியா-தவறா வினாத்தாளை ஒரு மாணவனிடம் கொடுப்பது போன்றது இது: யோசிக்காமல் ‘சரி’ போட்டுக்கொண்டே போகிறவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். தியாகம் ஜெயிக்கும் நிலைகளை மட்டுமே கேட்டால், கண்ட இடத்திலெல்லாம் காயைக் கொடுக்கத் துணியும் எஞ்சினுக்கே பரிசு போகும். தியாகம் ஜெயிக்கும் நிலை ஒன்றைக் கேட்டால், ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்து அதே தியாகம் தோற்கும்படி செய்த இணை நிலையையும் கேட்க வேண்டும். இரண்டிலும் சரியாக நடந்துகொள்ளும் எஞ்சினுக்குத்தான் தாக்குதல் கண் உண்டு என்று சொல்லலாம்.

பழைய சோதனைகளில் சில இதைவிட நிதானமாக அமைந்தவை. இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 1982-இல் வெளியிட்ட 24 நிலைகளில் பாதிதான் தாக்குதல் சார்ந்தவை. மறுபாதி சிப்பாய்களை முன்தள்ளி அமைப்பை உடைக்கும் நகர்வுகளைக் கேட்டன. முதல் தேர்வாகச் சரியான நகர்வைச் சொன்னால் முழு மதிப்பெண், இரண்டாவது தேர்வாகச் சொன்னால் பாதி என்று அளந்தார்கள். பின்னர் சுவாமிநாதன் நடராஜனும் டான் கார்பிட்டும் தொகுத்த 1,500 நிலைகளிலும், சிறந்த நகர்வுக்கு அடுத்த தரத்தில் உள்ளவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் பியர் நோலோ 1994-இல் முன்வைத்த 11 நிலைகள் இருக்கின்றன. அன்றைய கணினிகளை அவை திணறடித்தன. ஆனால் கணினிகள் வேகமெடுத்த பிறகு, தொகுத்தவர் சொன்ன விடைகளில் சில உண்மையிலேயே சிறந்தவைதானா என்ற கேள்வி எழுந்தது. விடைத்தாளே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, அதை வைத்து யாரைத் தோற்றவர் என்று அறிவிப்பது?

“எதிராளி கண்டுபிடிக்கும் நகர்வைத் தன்னால் கண்டுபிடிக்க முடியாத எஞ்சின் எப்படி அதைவிட வலிமையானதாக இருக்கும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் 2019-ஆம் ஆண்டில் இருக்கிறது. எஞ்சின்களுக்கான டி.சி.இ.சி. போட்டியின் 15-ஆவது தொடரில், நூறு ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் லீலா செஸ் ஸீரோ 53.5 - 46.5 என்ற கணக்கில் ஸ்டாக்ஃபிஷை வென்றது. கடினமான தாக்குதல் நிலைகளில் லீலா தடுமாறுவது அப்போது எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் நரம்பு வலைப்பின்னல், பழக்கமில்லாத விசித்திரமான நகர்வுக்கு மிகக் குறைந்த வாய்ப்பையே ஒதுக்கும். தேடலும் அந்தப் பக்கம் போகாது. ‘பிளாஸ்கெட் புதிர்’ எனப் புகழ்பெற்ற இறுதியாட்ட நிலையை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதையே காட்டியது: ஸ்டாக்ஃபிஷ் விடையை எட்டியது, லீலா எட்டவில்லை. புதிரில் தவறும் எஞ்சின், புதிரைத் தீர்க்கும் எஞ்சினை நூறு ஆட்டங்களில் வெல்ல முடிகிறது. ஆட்டத்தில் வரும் நிலைகளில் மிகப் பல புதிர்கள் அல்ல என்பதே இதற்குக் காரணம். ஸ்டாக்ஃபிஷை உருவாக்குவோரும் இதை உணர்ந்தே செயல்படுகிறார்கள். 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில், ஒவ்வொரு சிறு மாற்றமும் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களாக ஆடிப் பார்க்கப்படுகிறது. அங்கே புதிர்களுக்கு ஓட்டு இல்லை.

அப்படியானால் புதிர்களைத் தூக்கிப்போட்டுவிடலாமா என்றால், கூடாது. தபால் வழிச் செஸ் ஆடுபவருக்கும், பழைய ஆட்டத்தை ஆராய்ந்து எழுதுபவருக்கும் எஞ்சினின் வெற்றி விகிதம் முக்கியமில்லை. கண்முன் உள்ள அந்த ஒரு நிலையின் உண்மைதான் வேண்டும். எஞ்சின் எழுதுபவருக்கும், வெட்டும் முறையில் செய்த மாற்றம் எந்த வகை நகர்வை இருட்டில் தள்ளியது என்பதைத் தோல்விக் கணக்கு சொல்லாது; புதிர்த் தொகுப்பு சொல்லும். ஆனால் அதை ஒழுங்காக நடத்த வேண்டும். ஒரு நிலையில் தேடிய நினைவை அழித்துவிட்டே அடுத்த நிலைக்குப் போக வேண்டும். பல இழைகளில் ஓடும் எஞ்சின் ஒரே நிலையை ஒருமுறை பத்து விநாடியிலும் மறுமுறை மூன்று நிமிடத்திலும் தீர்க்கக்கூடும் என்பதால், ஒற்றை ஓட்டத்தை நம்பக்கூடாது. சரியான நகர்வைத் தவறான காரணத்துக்காகத் தொட்டுவிட்டு அடுத்த நொடியே கைவிடுவதும் உண்டு. மதிப்பீடும் கூடவே உயர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு: இன்றைய எஞ்சின்கள் ஷிரோவின் நகர்வைக் கண்டுபிடித்துவிடுகின்றன, எனவே பழைய நிலைகளை விட்டுவிட்டு இன்னும் கடினமானவற்றைச் சேர்த்தால் போதுமே என்பது. சேர்க்கலாம், ஆனால் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் தவறிய நிலைகளைத் தேடித்தேடித் தொகுத்து, பிறகு அந்தத் தொகுப்பில் மற்ற எஞ்சின்களை ஸ்டாக்ஃபிஷோடு ஒப்பிட்டால், அது பின்தங்குவது தொகுத்த முறையிலேயே எழுதப்பட்டுவிட்டது. இன்று சுற்றில் உள்ள கடினமான தொகுப்புகளின் பட்டியலைப் பார்ப்பவர்கள், முதலில் கேட்க வேண்டியது எத்தனை தீர்ந்தன என்பதை அல்ல, யாருடைய தோல்விகளிலிருந்து அந்த நிலைகள் வந்தன என்பதை.