மூளை தானே சுரக்கும் அபின்

கடலூரில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டி, தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால் புதுச்சேரி எல்லை வந்துவிடுகிறது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலானபோது எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு ஆட்சி, அங்கே தடையில்லை. 1971-இல் இங்கும் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு திரும்ப வந்தது, திரும்பப் போனது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆகவே கடலூர் அடங்கிய பழைய தென்னாற்காட்டில் குடியைப் பற்றிய பேச்சு என்றாலே கடையை மூடுவதா, திறப்பதா, எல்லை தாண்டிக் கடத்துவது யார் என்பதாகவே இருந்துவருகிறது. அந்தப் பழைய மாவட்டத்தின் ஒரு பகுதியான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் விற்றவர் யார், விட்டவர் யார் என்றுதான் கேட்டோம். கேட்க வேண்டியதுதான். ஆபத்து என்று தெரிந்தும் ஒரு மனிதரை அதன் பக்கம் இழுப்பது எது என்ற கேள்வி மட்டும் பொதுப் பேச்சுக்குள் வரவேயில்லை. விடையின் பெரும்பங்கு, மூளை தானாகவே சுரக்கும் அபின் போன்ற பொருள்களில் இருக்கிறது.

அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் மூளைச் செல்களில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதை 1973-இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். அதே ஆண்டில் வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களும் காட்டின. அந்த இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளை ஏற்பி வைத்துக் காத்திருக்குமா? உடம்புக்குள்ளேயே அதற்குரிய பொருள் இருந்தாக வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். எண்டார்ஃபினும் டைனார்ஃபினும் பின்னாலேயே வந்தன. அடிபட்ட வலி தணிவதிலும், பசித்து உண்ணும் சோற்றின் ருசியிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

சாராயம் இந்த ஏற்பிகளில் நேராக ஒட்டுவதில்லை. ஆனால் அது உள்ளே போனதும் மூளை தன் சொந்த எண்டார்ஃபினை வெளியே விடுகிறது. மனிதர்கள் குடித்த பிறகு எடுத்த மூளைப் படங்களில் 2012-இல் இதைக் கண்டார்கள். ‘மியூ’ என்ற ஓபியாய்டு (அபின் வகைப் பொருள்) ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி உருவாக்கிய சுண்டெலிகள் சாராயத்தை நாடுவதில்லை. போதை என்றதும் எல்லோரும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான். டோபமின் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் செல்களை அடக்கி, அந்த மடையைத் திறந்துவிடும் வேலையை எண்டார்ஃபின் செய்கிறது. இன்னும் வேண்டும் என்ற உந்துதல் டோபமினுடையது என்றால், குடித்தபின் வரும் சுகத்தில் ஓபியாய்டுக்கே பெரிய பங்கு.

இதற்கு வலுவான சான்று ஒரு மாத்திரை. நால்ட்ரெக்சோன், மியூ ஏற்பியில் போய் உட்கார்ந்து எண்டார்ஃபினுக்கு இடமில்லாமல் செய்துவிடும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிலடெல்ஃபியாவில் குடியிலிருந்து மீள வந்த 70 பேரிடம் 12 வாரம் ஆராய்ந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம் பேர் பழைய குடிக்குத் திரும்பினார்கள். நால்ட்ரெக்சோன் சாப்பிட்டவர்களில் 23 சதவீதம். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று அதற்குள் இருக்கிறது. இடையில் ஒரு முறை சறுக்கி வாயில் வைத்தவர்களை மட்டும் பார்த்தால், வெற்று மாத்திரைக்காரர்கள் 20 பேரில் 19 பேர் முழுக் குடிக்குப் போய்விட்டார்கள். மருந்து சாப்பிட்ட 16 பேரில் 8 பேரே போனார்கள். ‘ஒரே ஒரு கட்டிங்தானே’ என்று தொடங்கியவர் ஏன் அதோடு எழுந்து வருவதில்லை என்பது இங்கே விளங்குகிறது. முதல் மடக்கு எழுப்பிவிடும் எண்டார்ஃபின்தான் இரண்டாவதைக் கேட்கிறது. சத்தியத்தை மீறியவன் என்று வீடும் தெருவும் அவரைத் தூற்றும்போது, பாதி உண்மையைத்தான் பேசுகின்றன.

டைனார்ஃபினோ எண்டார்ஃபினுக்கு நேரெதிர். விலங்கு ஆய்வுகளில், நாள்பட்ட குடிக்குப் பின் அதன் வேலை ஓங்கி, படபடப்பையும் எரிச்சலையும் கொண்டுவருகிறது. நிறுத்திப் பல வாரம் ஆனவரும் ‘எதுவும் பிடிக்கல, மனசே சரியில்ல’ என்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கக்கூடும். சுகத்துக்காகக் குடித்தவர், சாதாரணமாக இருப்பதற்கே குடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

நம் ஊரில் குடியை நிறுத்தும் மாத்திரை என்றால் பலருக்கும் தெரிந்தது டைசல்ஃபிராம். அதைப் போட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு. ஆசையை அது தொடுவதில்லை, பயத்தைத்தான் தருகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பது உயிரையே வாங்கலாம். நால்ட்ரெக்சோனை நோக்கியும் ஒரு கேள்வி வரும்: ஒரு போதைக்கு இன்னொரு போதையா? இதில் போதை இல்லை, நிறுத்தினால் நடுக்கமும் இல்லை. மூளையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குடிப்பவர் தப்பித்துக்கொள்வாரே, அடிவாங்கிய மனைவிக்கு என்ன பதில் என்ற கேள்வி கனமானது. அடித்த குற்றம் குற்றம்தான். சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை எடுத்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்மேல் கூடுதலாக ஏறுகிறது. மாலை போட்டும், கோயிலில் கயிறு கட்டியும் நிறுத்தியவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. கூட்டாளிகளும் மாலைநேரப் பழக்கமும் மாறுவது மூளைக்கும் நல்லது. மாலையைக் கழற்றிய மறுநாள்தான் ஆபத்து. மருந்தின் பலன் பெரிதல்ல என்பதும் சரி: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 12 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் மிதமிஞ்சிய குடியிலிருந்து தப்புகிறார். 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 5.7 கோடிப் பேருக்குக் குடிக்கான உதவி தேவை என்றது. அந்த எண்ணிக்கைக்கு முன்னால் பன்னிரண்டில் ஒருவர் என்பது சிறிதாகத் தெரியவில்லை.

அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கியது இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கூலித் தொழிலாளி இந்தச் சிகிச்சைக்காக மாதாமாதம் ஒரு நாள் சம்பளத்தை இழந்து அங்கே வந்துகொண்டிருப்பார் என்று நம்ப முடியாது. பண்ருட்டி, விருத்தாசலம் போன்ற தாலுகா மருத்துவமனைகளிலேயே வாரம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்க வேண்டும். தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் முதல் சில நாள் உள்நோயாளியாக இருக்க வேண்டும். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு நால்ட்ரெக்சோன் ஆகாது. பிறகு தினம் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சில மாதங்களுக்கு. கூடவே உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர். இதில் எதற்கும் புதிய கட்டடமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை.