படிக்க அரசு உதவி: பதினெட்டுக்கு உண்டு, இருபத்தெட்டுக்கு?

அரசின் உதவித் தொகை எந்த வயதில் ஒருவர் கைக்கு வந்து சேருகிறது என்பதை வணிகர்களாகிய நாம் அதிகம் கவனிப்பதில்லை. பொங்கல் பரிசு பற்றிக் கல்லாவில் அமர்ந்து மணிக்கணக்கில் பேசுவோம்; கல்லூரி உதவி பற்றிப் பேசமாட்டோம். நம் கடையில் பொட்டலம் மடிக்கும் பையனுக்கோ அதுதான் பெரிய கணக்கு.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தமிழக அரசு தொடங்கியது திருமண உதவித் திட்டம். முதலில் 5,000 ரூபாய் தந்தார்கள். பின்னாளில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்று வளர்ந்தது. பெண்ணுக்கு 18 வயது நிரம்பிக் கல்யாணம் நிச்சயமானால்தான் பணம். 2022-இல் இதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே வரவு என்றார்கள். 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று அதுவே வந்தது. கல்யாண மேடைக்குப் போன பணம் கல்லூரி வாசலுக்குத் திரும்பியது நல்ல மாற்றம் என்பதே நம் எண்ணம். ஆயிரம் ரூபாய் பெரிதல்ல. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சரியாகப் போகும். ஆனால் வீட்டில் கை நீட்டாமல் கிடைக்கிறதே!

குறை எங்கே என்றால், இவையெல்லாம் பள்ளியை முடித்த சூட்டோடு கல்லூரி ஏறுகிறவர்களுக்குப் பொருந்தும் வகையில் அமைந்தவை. அஞ்சல்வழியில் படிப்பவருக்கு இந்த 1,000 ரூபாய் இல்லை. குடும்பக் கஷ்டத்தால் பிளஸ் டூவோடு நம்மிடம் வேலைக்கு வந்து, 28 வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். எழுத நினைப்பவர் இதில் சேரமாட்டார். பகலில் கடையை விட்டு அவர் எந்தக் கல்லூரிக்குப் போவது?

வங்கிக் கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கலாம். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 4 லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். இருந்தாலும் மனைவி, குழந்தை, வீட்டு வாடகை என்று இருப்பவர் கடன் வாங்கிப் படிக்கத் துணிவது அபூர்வம்.

சிங்கப்பூரில் கணக்கு வேறு விதம். 2016 முதல் 25 வயது தாண்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி வரவு வைத்தார்கள். 2024-இல் 40 வயது ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. 2025 முதல், வேலையை விட்டு முழுநேரம் படிக்கும் 40 வயதுக்காரருக்கு அவர் முந்தைய சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், 24 மாதம் வரை. வயது ஏற ஏற அங்கே உதவியும் ஏறுகிறது. பணக்கார நாடு, நமக்கு அந்த அளவு கட்டாது, ஒப்புக்கொள்கிறோம்.

கேட்பது சிறிது. வேலை செய்துகொண்டே முதல் பட்டத்துக்குப் படிப்பவர் எந்த வயதினராயினும் தேர்வுக் கட்டணத்தையாவது அரசு ஏற்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க விரும்புகிறோம். அதற்குமுன் உறுப்பினர்கள் தத்தம் கடையில் இப்படிப் படிக்க விரும்புவோர் எத்தனை பேர், வயது என்ன என்று எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், வெறுங்கையோடு கேட்காமல் கணக்கோடு கேட்கலாம்.