'சொப் சூயி': "என்னெண்டு செத்தவன்?" என்று கேட்பவர்களின் பாட்டு

பாடசாலையில் எங்களோடு படித்த ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் படலையடியில் நின்று கேட்ட முதற்கேள்வி "என்னெண்டு?" என்பதுதான். பதில் கிடைத்ததும் குரல் தணிந்துவிடும். சிலர் உள்ளே வராமலே திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் நண்பனொருவன் தந்த இறுவட்டில் 'சொப் சூயி' பாடலைக் கேட்டேன். சொற்களில் பாதி பிடிபடவில்லை. அந்தப் பாட்டும் அதே கேள்வியைப் பற்றித்தான் பேசுகிறது என்று விளங்கப் பல ஆண்டுகள் எடுத்தன.

பாடியவர்கள் 'சிஸ்டம் ஒஃப் எ டவுன்' குழுவினர். லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த நால்வர். நால்வரும் ஆர்மேனிய வம்சாவளியினர். பாடகர் செர்ஜ் டாங்கியன் பெய்ரூட்டில் பிறந்தவர். 1915இன் இனப்படுகொலை பற்றி 1998இல் வந்த முதல் இசைத்தொகுப்பிலேயே பாடியவர்கள். கனத்த மெட்டல் கிற்றாரோடு ஹிப்ஹொப் போன்ற வேறு இசைகளையும் கலந்து 1990களில் எழுந்த அலையை 'நியூ மெட்டல்' என்றார்கள். இவர்களையும் அதற்குள் அடக்குவது வழக்கம். இவர்களின் மெட்டுகளில் கேட்கும் ஆர்மேனியச் சாயல் அந்தப் பெட்டிக்குள் அடங்காது என்பது என் எண்ணம்.

பாட்டு மென்மையான கிற்றாரில் தொடங்கி திடீரென வெடிக்கிறது. மூச்சுவிடாமல் கொட்டும் சொற்கள், பிறகு ஒப்பாரிபோல நீளும் பல்லவி. போதைப்பொருளால் ஒருவர் இறந்தால் "அவனுக்கு அது வேணும்" என்று சொல்லிவிடுகிறோம், இறந்த விதத்தை வைத்தே ஆளை அளக்கிறோம் என்பதே பொருள் என்று கிற்றார் கலைஞர் டாரொன் மலாக்கியன் விளக்கியிருக்கிறார். பாட்டின் பிற்பகுதிக்குச் சொற்கள் அமையாமல் டாங்கியன் தவித்தபோது, அலுமாரியிலிருந்து ஏதாவதொரு புத்தகத்தை எடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னாராம் தயாரிப்பாளர் ரிக் ரூபின். அகப்பட்டது விவிலியம். சிலுவையில் இயேசு சொன்ன இறுதி வார்த்தைகள் அப்படித்தான் பாட்டுக்குள் வந்தன. பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானித்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

மார்கோஸ் சியேகா இயக்கிய காணொளியில் கதையே இல்லை. ஒரு வாகனத் தரிப்பிடம், அங்கே ஒரு மேடை, சுற்றிலும் நெருக்கியடிக்கும் இரசிகர்கள். கமெராவை உடம்போடு பூட்டியதால் பாடுபவரின் முகம் அசையாமல் நிற்க, உலகம்தான் அவரைச் சுற்றி ஆடுகிறது. ஒருவர் உடலுக்குள்ளால் இன்னொருவர் கடந்து போகிறார். செலவுமிக்க படமென்று சொல்லமுடியாது. ஆனால் 2020இல் யூடியூப்பில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது.

தனிப்பாடலாக அது வெளிவந்தது 2001 ஓகஸ்டில். 'டொக்சிசிட்டி' தொகுப்பு செப்டெம்பர் 4இல் வந்தது. நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த வாரத்தில் அதுவே அமெரிக்க விற்பனையில் முதலிடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களை வைத்திருந்த கிளியர் சனல் நிறுவனத்துக்குள், ஒலிபரப்புவதற்குமுன் யோசிக்கவேண்டிய பாடல்களின் பட்டியலொன்று சுற்றியது. 'சொப் சூயி' அதில் இருந்தது. ஜோன் லெனனின் 'இமாஜின்' பாடலும் இருந்தது! அது தடையல்ல, முடிவு நிலையங்களுடையது என்றது நிறுவனம். ஆனால் அந்நாட்களில் பட்டியலில் இருக்கும் பாட்டைப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சாவு பற்றிய பேச்சை யார் எப்போது பேசலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

அதற்கு முன்பே ஒரு வெட்டு விழுந்திருந்தது. பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் தற்கொலையைக் குறிக்கும் 'சூயிசைட்'. வானொலிகள் போடமாட்டா என்ற அச்சத்தில் அது மாற்றப்பட்டது. புதுப்பெயரிலும் குறும்பு இருக்கிறது: 'சொப்' என்றால் வெட்டு, அந்தச் சொல்லை வெட்டினால் மிஞ்சுவது 'சூயி'. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறுவட்டின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒலிப்பதிவு ஆரம்பமாவதை அறிவிக்கும் ஒரு மங்கலான குரல், பழைய பெயரையே சொல்கிறது.