செய்திப் பொதியின் வழியை வகுப்பவர் யார்?

ஒரு கணினியினின்று மற்றொன்றுக்கு நாம் அனுப்பும் செய்தி சிறு பொதிகளாகப் பிரிந்து, இடைநிலையங்கள் பலவற்றைக் கடந்து செல்கின்றது. அடுத்து எந்நிலையத்துக்குச் செல்வது என்னும் கணிப்பை எல்லார்க்குமாக ஒரு நடுநிலையம் செய்தல் ஒரு முறை. ஒவ்வொரு நிலையமும் தானே செய்தல் மற்றொரு முறை. முன்னையது முழுப் படத்தையும் ஒருங்கே காண்பதால் வழியைச் செவ்வனே வகுக்கும். ஆயின் அதன் கட்டளை அறுந்த பாதையாலேயே செல்லவேண்டி நேரின் யாது செய்வது?

அமெரிக்காவில் 1969 இல் தோன்றிய ஆர்ப்பாநெட் பின்னைய முறையையே கைக்கொண்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் அயல் நிலையங்கள் கூறும் தூரத்தை நம்பித் தன் தூரத்தைக் கணித்தது. பாதையொன்று அறுந்தபின், அயல் நிலையங்கள் இரண்டு ஒன்றையொன்று நம்பிப் பொதிகளை மாறி மாறித் தள்ளுதற்கு இது இடந்தந்தது. 1979 இல் முறை மாறிற்று. ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புக்களின் நிலையை யாவற்றுக்கும் அறிவித்தது; அவ்வறிவித்தல்களைக் கொண்டு ஒவ்வொன்றும் முழுப் படத்தையும் தானே வரைந்து, டைக்ஸ்திரா 1959 இல் வெளியிட்ட முறைப்படி குறுகிய வழியைக் கண்டது.

நடுநிலையம் இல்லையெனின் வீழ்ச்சியும் இல்லை என எண்ணுதல் தகாது. அறிவித்தல்களுக்கு 0 முதல் 63 வரை வரிசையெண் உண்டு; 63 இன் பின் மீண்டும் 0 வரும். அவ்வட்டத்தில் அரைவட்டத்துக்குள் முன்னிற்கும் எண்ணே புதியது. 1980 ஒக்ரோபர் 27 ஆம் நாள், நினைவகக் கோளாற்றால் எண் சிதைந்து, ஒரு நிலையத்தின் அறிவித்தல் 44, 40, 8 என மூன்று உருவில் உலாவிற்று. 40 இலும் 44 புதிது. வட்டஞ் சுற்றி வருதலின் 44 இலும் 8 புதிது. 8 இலும் 40 புதிது. (கடிகாரக் கணக்குப் பயின்ற அன்பர்கள் தாளில் இட்டுப் பார்ப்பாராக.) நிலையங்கள் ஒன்றை நீக்கி மற்றொன்றை ஏற்று அயலுக்கு அனுப்பியவண்ணமே இருந்தன. வலையமைப்புப் பல மணிநேரம் பயனற்றுக் கிடந்தது. அறிவித்தலை ஏற்ற நிலையங்கள் யாவும் விதிப்படியே ஒழுகின என்பது நாம் கவனிக்கற்பாலது. அவ்வறிவித்தலைப் புறக்கணிக்குமாறு நடுவிலிருந்த கண்காணிப்பாளர் நிலையங்களின் நிரலைத் திருத்திய பின்னரே வலையமைப்பு மீண்டது.

நடுக்கணிப்பு இக்காலத்தில் மீண்டும் செல்வாக்குப் பெற்றுள்ளது. கூகிள் நிறுவனம் தன் தரவு மையங்களை இணைக்கும் பீ4 என்னும் வலையமைப்பைப் பற்றி 2013 இல் எழுதிய கட்டுரையில், இணைப்புக்கள் பலவற்றை ஏறத்தாழ முழு அளவிற் பயன்படுத்த அது உதவியதெனக் காட்டிற்று. நிலையங்கள் யாவும் ஒரே உரிமையாளர்க்குரியன ஆதலின் அஃது இயன்றது. பன்னாட்டு நிறுவனங்கள் கூடிய இணையத்தில் யாவரும் பணியும் நடுவரை எங்ஙனம் காண்பது? அப்பீ4 இலுங்கூட, நடுக்கணிப்பை நிறுத்தநேரின் பழைய குறுவழி முறையே பொதிகளைச் செலுத்துமாறு அமைத்திருந்தனர்.