கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை

“சார், நாளைக்குக் காலையில ஏழரைக்குள்ள தளம் போட ஆரம்பிச்சாகணும். நல்ல நேரம் குறிச்சாச்சு. இன்னிக்கே ஒரு நடை வந்து கம்பியைப் பாத்துட்டுப் போயிடுங்க.”

கட்டமைப்புப் பொறியாளர்களுக்குப் பழகிப்போன அழைப்பு இது. சென்னையின் தென்பகுதியில் ஒரு மாடி வீட்டுக்காக எனக்கும் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு வந்தது. போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் ஏணியேறிப் பார்த்தால், சென்ட்ரிங் பலகைமேல் கம்பியெல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். பார்வைக்குக் குறை சொல்ல முடியாத வேலை. பால்கனிப் பக்கம் போய் மேல்கம்பியின்மேல் காலை வைத்தேன். அது அப்படியே அமுங்கிப் பலகையைத் தொட்டது.

அறைக்கு மேலே வரும் தளத்துக்கு எல்லாப் பக்கமும் பீம் அல்லது சுவரின் தாங்கல் உண்டு. பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும், எனவே முக்கியக் கம்பி அடியில் இருக்கும். பால்கனி நீட்டிய கை மாதிரி. ஒரு பக்கம்தான் பிடிப்பு. அதில் இழுபடுவது மேல்பக்கம், ஆகவே முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். 125 மி.மீ. கனமுள்ள தளத்தில் அந்தக் கம்பி அடியிலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் மிதித்து நடக்கும்போது அது 40 மி.மீ. இறங்கிவிட்டால், பால்கனியின் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் அங்கேயே போய்விடும். கம்பியின் அளவும் எண்ணிக்கையும் வரைபடத்தில் உள்ளபடியேதான் இருக்கும். இடம் மட்டும் மாறியிருக்கும். மேலே பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது.

இதைத் தடுக்க வேண்டியது, மேல்கம்பியைத் தாங்க துண்டுக் கம்பிகளை வளைத்து நிறுத்தும் ‘சேர்’ மட்டுமே. அன்று மேஸ்திரி மறுபேச்சு பேசாமல், கழிவுக் கம்பிகளை வளைத்து இரவு பத்து மணிக்குள் நாற்பது சேர் செய்து நிறுத்தினார். அவருக்குத் தெரியாத வேலை இல்லை. ஏன் வேண்டும் என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கட்டடத்தின் எலும்புக்கூடு நேரடியாகக் கண்ணில் படுவது கம்பி கட்டி முடிவதற்கும் கான்கிரீட் விழுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம்தான். பின்னால் எந்தக் கருவி கொண்டுவந்தாலும் அது ஊகத்தில்தான் முடியும். அந்த நேரத்தைத்தான் பொறியாளருக்கு யாரும் ஒதுக்குவதில்லை. பல இடங்களில் வரைபடத்துக்குச் சதுர அடிக் கணக்கில் கட்டணம் பேசி முடித்துவிடுகிறார்கள். தளத்துக்கு நேரில் வந்து பார்ப்பது அதில் சேராது, வீட்டுக்காரருக்கு அது கூடுதல் செலவு. ஆட்கள், கலவை இயந்திரம், கான்கிரீட் லாரி எல்லாம் சொல்லிவைத்த பிறகு, முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பு ஒருவர் வந்து “நிறுத்துங்கள்” என்றால் அவர் எதிரியாகத்தான் தெரிவார்.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை நிறைய. தூண் கம்பிகளைச் சுற்றி வளைத்துக் கட்டும் ‘ரிங்’கின் முனைகள் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13920. வேலை சுலபம் என்று 90 டிகிரியிலேயே விட்டுவிடுகிறார்கள். நிலம் குலுங்கும்போது வெளிக் கான்கிரீட் உதிரும், 90 டிகிரி முனை விரிந்துவிடும், பிடி தளர்ந்த கம்பி வெளியே வளையும். “நம்ம ஊர்ல ஏதுங்க பூகம்பம்” என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2002-ல் வெளியான நிலநடுக்கத் தர நிர்ணயத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. இந்த மடிப்பு அந்த மண்டலத்துக்குக் கட்டாயம். அதைவிட எனக்குக் கவலை தருவது தூணும் பீமும் சேரும் இடம். நாலு பக்கக் கம்பியும் வந்து நெருக்கும் அந்த ஒரு முழ உயரத்தில் கை நுழையாது என்று ரிங்கையே விட்டுவிடுவார்கள். கட்டடம் அதிகம் சோதிக்கப்படுவது அந்த இடத்தில்தான்.

அடுத்து தண்ணீர். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 0.5 விகிதத்தில் 25 லிட்டர் தண்ணீர். மழையில் நனைந்த மணலில் உள்ள ஈரமும் இதில் அடங்கும். “கலவை ஓடணும் சார்” என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் விகிதம் 0.7-ஐத் தாண்டிவிடும், கான்கிரீட் காய்ந்த பிறகு உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். பலமும் குறையும், கம்பிக்கு ஈரமும் எட்டும். போக்குவரத்து நெரிசலில் சிக்கித் தாமதமாக வரும் ரெடிமிக்ஸ் லாரியில் குழாய் வைத்துத் தண்ணீர் விடுவதையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் சேர்க்காமலே கலவையை ஓடவைக்கும் ரசாயனக் கலப்புகள் கடையில் கிடைக்கும்போதும் இது நடக்கிறது.

தரத்தைச் சோதிக்க 150 மி.மீ. கியூப் வார்த்து 28-ம் நாள் உடைத்துப் பார்க்கிறோம். ஆனால் அந்த 28 நாளுக்குள் அதன்மேல் அடுத்த தளத்துக்கான தூண் எழுந்துவிடும். கியூப் தோற்றால் என்ன செய்வது? தளத்தைத் துளைத்துக் கோர் எடுத்துச் சோதிக்கலாம். மூன்று கோர்களின் சராசரி, எதிர்பார்த்த பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எதுவும் 75-க்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. அதிலும் தோற்றால், கட்டிய தளத்தை இடிக்கச் சொல்லும் தைரியம் பொறியாளருக்கும் வேண்டும், செலவை ஏற்கும் மனம் உரிமையாளருக்கும் வேண்டும். கியூபுக்கென்றே நல்ல கலவையாகத் தனியே எடுத்துவைக்கும் தளங்களில் இந்தக் கேள்வியே எழாது. அந்தச் சான்றிதழை நான் நம்புவதில்லை.

இவையெல்லாம் வரைபடம் சரியாக இருந்தால் வரும் சிக்கல்கள். வரைபடத்துக்கும் முந்தைய சிக்கல் மண். பக்கத்து மனையின் மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டி “அதே மண்ணுதான்” என்பார்கள். ஒரே தெருவில் ஒரு மனையில் கெட்டியான மண்ணும், தூர்ந்த குட்டையாக இருந்த எதிர் மனையில் களிமண்ணும் இருக்கலாம். பிறகு, கட்டிக்கொண்டிருக்கும்போதே வரும் மாற்றங்கள். வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டி தென்மேற்கு மூலைக்கு நகரும். 2,000 லிட்டர் என்றால் 2 டன், அந்த மூலைத் தூணின் கணக்கில் அது இருக்காது. நம்பிக்கையில் தலையிட நான் வரவில்லை. ஒரு மாதம் முன்னால் சொன்னால் அந்தத் தூணை அதற்கேற்பப் போட்டுத் தருவேன், அவ்வளவுதான்.

கார் நிறுத்த இடைஞ்சல் என்று தரைத்தளத்தில் ஒரு தூணை எடுக்கச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் கட்டடத்தை விறைப்பாகப் பிடித்திருக்க, கீழ்த்தளம் மட்டும் வெறும் தூண்களில் நிற்கும்போது குலுங்கலின் முழு விசையும் அந்தத் தூண்களில் இறங்கும். 2001 ஜனவரி 26-ல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இப்படித் தரைத்தளத்தில் வாகனம் நிறுத்த இடம்விட்ட அடுக்குமாடிகள் பல சரிந்தன. நம் நகரங்களில் இன்று எழும் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அதே அமைப்புதான். தூண்களை அதற்கேற்பப் பருமனாகப் போட்டால் அச்சமில்லை. அறை அகலத்துக்காக அவற்றை ஒன்பது அங்குலத்தில் நிறுத்தச் சொல்லும்போதுதான் சிக்கல்.

2014 ஜூன் 28 மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து 61 பேர் இறந்தார்கள். கூலி வேலைக்காக ஊர்விட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் பேச்சு எழுந்தது. மழையையும் இடியையும் தாங்கத்தான் கட்டடம். அதன் இரட்டைக் கட்டடத்தில் யாரும் குடியேறவே இல்லை. 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள்.

பழைய கட்டடத்தை ஆய்வு செய்யப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். “வரைபடம் இருக்கிறதா” என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை. கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். இதற்குள் வீட்டுக்காரர் அங்கே சிமென்ட் பூசி வெள்ளையடித்து வைத்திருப்பார். சுத்தியல் போன்ற ரீபவுண்டு கருவி மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே சொல்லும். காற்றுப்பட்டு மேல்தோல் இறுகிய பழைய கான்கிரீட்டில் அது உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். எனவே விரிசலைப் படிப்பதில்தான் என் நேரம் போகும். செங்கல் சுவரும் பீமும் சேரும் கோட்டில் ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சு சம்பந்தப்பட்டது. பீமின் முனையருகே சாய்வாக ஏறும் விரிசலும், தூணில் கம்பியின் நீளத்துக்கு நெடுக இறங்கும் விரிசலும் வேறு. அவற்றைக் கண்டால் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.

2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

அந்த பால்கனி வீட்டுக்காரரிடம் அன்று இரவே ஒன்று சொன்னேன். பலகைமேல் கம்பி தெரியும்போதே, அளவுநாடாவை விரித்துவைத்து ஒவ்வொரு பீமையும் தூண் முனையையும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். அறுபது எழுபது படம் எடுத்திருப்பார். பிரின்ட் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார். முப்பது வருடம் கழித்து அந்த வீட்டைப் பார்க்கப் போகும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.